வழக்குக்கு முன் வந்த தீர்ப்பு

தமிழர் நீதியைப் பேசப் புகுந்தால் முதலில் நாவில் எழுவது கண்ணகியின் வழக்கே. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்து வெளியிடுவதற்கு முன்பே, கோவலன் கதையாகவும் கூத்தாகவும் அவ்வழக்கு பாமர மக்களிடையே வாழ்ந்து வந்தது. ஈழத்து மட்டக்களப்புப் பகுதியில், கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசித் திங்களில் பாடப்பெறும் நூலுக்குப் பெயரே ‘கண்ணகி வழக்குரை’. பின்னர் 1942இல் ‘கண்ணகி’யும் 1964இல் ‘பூம்புகாரு’ம் திரையில் வந்தன. பிறையை அடுத்த ஒரு தோட்டத்தின் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் ‘பூம்புகார்’ காட்டிய இரவில், சிலம்பு உடைபடும் காட்சி கண்டு பால்மரம் வெட்டும் தாய்மார்கள் விம்மியதைச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன்.

கூத்தும் திரையும் அவைக்களத்தை நம் நெஞ்சில் நிறுத்தின. ஆயினும் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். அவ்வழக்கு நடந்தது கோவலன் இறந்த பின்னர்.

வழக்குரை காதைக்கு முன்னுள்ள கொலைக்களக் காதையைப் பாருங்கள். ஊடிச் சென்ற தேவியைத் தேடி விரைகிறான் பாண்டியன். வழியில் பொற்கொல்லன் பணிந்து, சிலம்பு திருடிய கள்வன் அகப்பட்டான் என்கிறான். மன்னன் கள்வனை அழைக்கவில்லை; எவரையும் வினவவில்லை. சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் கொன்று கொணர்க எனக் காவலரை ஏவுகிறான். கோவலனை நேரில் கண்ட காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கின்றனர். அந்த ஐயத்தை எடுத்துச் சென்று சொல்ல அங்கே ஓர் அவை இல்லை. பொற்கொல்லனின் அச்சுறுத்தும் சொல் வெல்கிறது. கல்லாதான் ஒருவனின் வாள் பாய்கிறது.

உண்மையைக் காண எவ்வளவு நேரம் வேண்டியிருந்தது? சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்ற ஒரு வினாவே போதும். கண்ணகி வந்து கேட்டதும் மன்னனே முத்து என்றான். உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது. தன் தவற்றை உணர்ந்த அக்கணமே அவன் உயிர் நீத்தான். எனினும் கோவலன் வாழ்வு மீளவில்லை. ஊழ்வினையை அடிகள் வற்புறுத்துவது உண்மையே. ஆனால் மனிதர் செய்த பிழைகளையும் அவர் ஒவ்வொன்றாகக் காட்டத் தவறவில்லை.

பின்னர் வரும் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் மற்றொரு வழக்கைக் கூறுகிறது. தன் மகன் பரிசாகப் பெற்ற பொருளுக்காக, புதையல் கவர்ந்தான் என்ற பொய்ப்பழி சுமந்து சிறைப்பட்டான் வார்த்திகன். அவன் மனைவி அழுதாள். கொற்றவை கோயிற்கதவு திறவாமல் நின்றது. பாண்டியன் விசாரித்தான், பிழை உணர்ந்து வார்த்திகனை விடுவித்தான், திருத்தங்காலையும் வயலூரையும் அளித்து, அவன் முன் பணிந்தான். புதையல் கண்டெடுத்தவருக்கே உரியது என்று அறிவிக்கவும் செய்தான்.

இரண்டும் பாண்டியர் நீதி பிழைத்த வழக்குகளே. ஒன்று திருந்தியது, மற்றொன்று திருந்தவில்லை. வார்த்திகன் சிறையில் உயிரோடு இருந்தான் என்பதே வேறுபாடு.

நம் நாட்டில் கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் சட்டம் 2023 ஜூலை 4இல் நடைமுறைக்கு வந்தது. மரண தண்டனை அடியோடு நீங்கிவிடவில்லை. ஆனால், குற்றம் உறுதியானால் தூக்கு ஒன்றே என்றிருந்த வழக்குகளில், எதிரே நிற்பவன் நிலையை எண்ணிப் பார்த்துத் தண்டனையைத் தீர்மானிக்கும் உரிமை நீதிபதிக்குக் கிடைத்தது. அரசவை நீதியும் இன்றைய நீதிமன்ற நீதியும் ஒன்றல்ல. எனினும் போன உயிரைத் திருத்த வழியில்லை என்ற கவலை இரண்டுக்கும் பொது.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, வழக்குரை காதையைத் தனியே கற்பிக்க வேண்டாம். முன்னும் பின்னும் உள்ள காதைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். கண்ணகியின் சீற்றத்தோடு, கேட்கப்படாத அந்த ஒரு வினாவும் மாணவர் மனத்தில் பதியட்டும். நாளை வகுப்பில் ஓர் எழுதுகோல் காணாமற்போனால், பிரம்பை எடுக்குமுன் நாமும் அவ்வினாவைக் கேட்போம்.