கொரியாவின் பட்டாளக் குழம்பும் நம்ம ஊர் கேர் உப்புமாவும்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு இரண்டு விஷயம் நினைவுக்கு வரும். ஒன்று, ராமானுஜர் அவதரித்த தலம். இன்னொன்று, 1991 மே 21 இரவு. இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, அதுதான் கொரியா. 1996இல் ஹூண்டாய் கம்பெனி பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் கால் ஊன்றியது. 1998இல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. பின்னாலேயே உதிரி பாகம் செய்கிற கொரியக் கம்பெனிகளும், அவர்களுடைய இன்ஜினியர்களும், குடும்பங்களும் வந்தன. குடும்பம் வந்தால் சோறு வேண்டுமே! அதனால் கொரியச் சாப்பாட்டுக் கடைகளும் வந்தன. பெங்களூர் நெடுஞ்சாலையில் வட்டமும் கோடுமாக ஒரு எழுத்தில் போர்டு தொங்கினால் அது பெரும்பாலும் சாப்பாட்டுக் கடைதான்.

என் மகன் அந்தப் பக்கம்தான் வேலை பார்க்கிறான். கோடை விடுமுறைக்கு நானும் என் மனைவியும் திருநெல்வேலியில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிப் போய்ப் பத்து நாள் இருந்தோம். ஒருநாள் மதியம் பேத்தி பிடிவாதம் பிடித்து அப்படி ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள். டி.வி.யில் கொரியத் தொடர் பார்க்கிற பிள்ளை. பெரிய ஓட்டல் இல்லை, வேலைக்காரர்கள் சீருடையோடு வந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிற சாதாரணக் கடை. உட்கார்ந்ததும் சின்னச் சின்னக் கிண்ணத்தில் ஏழெட்டுத் தொடுகறி வைத்தார்கள். தீர்ந்தால் மறுபடி வைக்கிறார்கள், அதற்குத் தனிக் காசு கிடையாது. நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் கூட்டு, பொரியல் மறுபடி கேட்கிற மாதிரிதான். ஒரு கிண்ணத்தில் இனிப்பும் காரமுமாக வறுத்த நெத்திலி இருந்தது. தூத்துக்குடிக்காரர்கள் பார்த்தால் சண்டைக்கு வருவார்கள், நெத்திலிக்கு இனிப்பா என்று.

கிம்ச்சி சிவப்பாக இருப்பதைப் பார்த்து அது ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். நமக்கு எப்படி மிளகாய் போர்ச்சுக்கீசியர் மூலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததோ, அப்படித்தான் அவர்களுக்கும் அது வெளியிலிருந்து வந்த சரக்கு. 1614இல் எழுதப்பட்ட ஒரு கொரிய நூல் மிளகாயை ஜப்பானிலிருந்து வந்ததாகச் சொல்கிறது. அதற்கு முன்னால் கிம்ச்சி வெறும் உப்பில் ஊறிய காய்தான்.

மகன் வரவழைத்தது ‘புதே ஜிகே’. புதே என்றால் பட்டாளம், ஜிகே என்றால் குழம்பு. மேஜை மேலேயே அடுப்பு வைத்து, அகலமான சட்டியில் கொதிக்க விடுகிறார்கள். டின்னில் அடைத்த இறைச்சி, சாசேஜ், கிம்ச்சி, பாக்கெட் நூடுல்ஸ் என்று சம்பந்தமில்லாத சாமான்கள் ஒன்றாய் வேகின்றன. இதென்ன கூத்து என்றுதான் எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கியது, 1953 ஜூலையில் நின்றது. நாடே சாம்பல். சியோலுக்கு வடக்கே உய்ஜோங்பு என்ற ஊரைச் சுற்றி அமெரிக்கப் பட்டாள முகாம்கள். முகாமில் மிஞ்சியதும், கள்ளத்தனமாக வெளியே வந்ததுமான டின் இறைச்சியையும் சாசேஜையும் ஜனங்கள் தங்கள் கிம்ச்சியோடும் மிளகாய் விழுதோடும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசியாறினார்கள். பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதி பெயரால் அதற்கு ‘ஜான்சன் குழம்பு’ என்றுகூட ஒரு பெயர் வந்தது. இன்றைக்கு உய்ஜோங்புவில் இந்தக் குழம்புக்கென்றே ஒரு தெரு இருக்கிறது. பஞ்ச காலத்துச் சாப்பாட்டை அவர்கள் ஒளிக்கவில்லை, பெயரில் இருக்கிற பட்டாளத்தையும் எடுக்கவில்லை. காசு வந்த பிறகும், மழை பெய்தால், மனசு சரியில்லை என்றால், இதைத் தேடிப் போய்ச் சாப்பிடுகிறார்கள்.

அந்தப் போரில் நம் ஆட்களும் இருந்தார்கள். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆவது பாராசூட் மருத்துவப் படை 1950 நவம்பரில் போய் இறங்கியது. பின்வாங்கும்போது பியோங்யாங்கில் கிடந்த ஒரு பழைய ரயில் இன்ஜினைத் தாங்களே கரி போட்டு ஓட்டி, மருந்துச் சாமான்களை ஆற்றுக்கு இக்கரை சேர்த்தார்களாம். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. நம் பாடப் புத்தகத்தில் இவரைப் பற்றி ஒரு பாடம் வைத்தால் என்ன?

என் மனைவிக்கு அன்று சனிக்கிழமை, கவிச்சி கிடையாது. அவளுக்குக் கல்சட்டியில் வடித்த சோறு வந்தது. சோற்றை வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, அடியில் பிடித்த காந்தலில் வெந்நீரை ஊற்றி மூடி வைத்தான் பரிமாறிய பையன். சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டுமாம். ஒரு வாய் குடித்துவிட்டு, “ஏங்க, எங்க ஆச்சி அடிச்சட்டியில தண்ணி ஊத்தித் தர்ற மாதிரில்லா இருக்கு” என்றாள். அவ்வளவு பெரிய சாப்பாட்டில் அவள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியது அது ஒன்றைத்தான்.

எனக்கு நினைவு வந்தது வேறு. அமெரிக்காவின் பி.எல்.480 சட்டம் 1954இல் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் கப்பல் கப்பலாகக் கோதுமை நமக்கும் வந்தது, கொரியாவுக்கும் போனது. அங்கே அரசாங்கமே அரிசியைக் குறை, மாவுப் பண்டம் தின்னு என்று பிரச்சாரம் செய்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சோற்றில் வேறு தானியம் கலந்திருக்கிறதா என்று வாத்தியார் பார்த்த காலமும் உண்டு. 1963இல் அங்கே முதல் பாக்கெட் நூடுல்ஸ் வந்தது. அது பிறகு பட்டாளக் குழம்புக்குள்ளும் புகுந்துகொண்டது. இங்கே 1965இல் சாஸ்திரி, வாரம் ஒரு வேளை சாப்பிடாதிருங்கள் என்று கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை ராத்திரி அடுப்பு பற்றவைக்காத வீடுகள் நம் பக்கம் எத்தனையோ. பல வீட்டில் அது சாஸ்திரி சொல்லாமலே நடந்தது.

காமராஜர் கொண்டுவந்த மதிய உணவுக்கு 1961இலிருந்து கேர் நிறுவனத்தின் உதவியும் சேர்ந்தது. பால் பவுடர், மஞ்சள் சோளமாவு, டின் எண்ணெய். மூட்டையில் இரண்டு கை குலுக்குகிற படம் போட்டிருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா அந்த மாவைக் கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்துக் கிண்டுவாள். கட்டி கட்டியாக இருக்கும், எண்ணெய் வாடை தூக்கும். சித்தாற்றங்கரையில் கார் அறுப்புக்கு முந்திய மாதங்களில் குதிர் காலியாகக் கிடக்கும்போது, எங்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குச் சூடாகக் கிடைத்தது அது ஒன்றுதான். தம்பிக்கு என்று வாழையிலையில் பொதிந்து டவுசர் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்த எண்ணெய்க் கறை துவைத்தாலும் போகாது. பையைப் பார்த்தே யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்துவிடும். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அந்த உப்புமா இன்று எந்த ஓட்டலிலும் கிடையாது. யார் வீட்டிலும் அதைக் கிண்டுவதில்லை. பெரியவர்கள் ஆன பிறகு, அதைச் சாப்பிட்டு வளர்ந்தோம் என்று சொல்லிக்கொள்ளவே பலருக்குக் கூச்சம். என் கூடப் படித்த ஒருவர் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் பாளையங்கோட்டையில் பார்த்தபோது நான் இந்தப் பேச்சை எடுத்தேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அந்த அடிப்பிடிச்ச பகுதிக்கு நாம அடிச்சுக்கிடுவோம்லா?” என்றார்.