கூடல் நகரைச் சுற்றி

மதுரையைக் காண வெளியூரிலிருந்து வருகிறவர்கள், புகைவண்டியை விட்டு இறங்கியதும் மீனாட்சியம்மன் சந்நிதிக்குச் சென்று, பொற்றாமரைக் குளக்கரையில் சற்று நேரம் அமர்ந்து, ஆயிரங்கால் மண்டபத்தையும் புது மண்டபத்தையும் பார்த்துவிட்டு, மதுரையின் பழமை முழுவதையும் கண்டுவிட்ட திருப்தியோடு ஊர் திரும்புகிறார்கள். நகரத்தின் நடுநாயகமாக விளங்கும் அந்த ஆலயத்தின் பெருமையைக் குறைத்துப் பேச யாருக்கு மனம் வரும்? ஆயினும், 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் எழுப்பிய கிழக்குக் கோபுரம் போன்ற சிலவற்றை விட்டுவிட்டால், அங்கே இன்று நம் கண்முன் நிற்கும் கட்டடங்களில் பெரும்பகுதி, 1311-இல் மாலிக் காபூர் படையெடுத்து வந்ததும் பின்னர் சுல்தான்கள் ஆண்டதுமான சோதனைக் காலம் கழிந்த பிறகு, நாயக்க மன்னர்களின் ஆட்சியில் உருவானவையே. மரத்தை அறுத்துப் பார்த்தால் நடு வைரம் முதியதாகவும் பட்டையை ஒட்டிய வளையம் இளையதாகவும் இருக்கும். மதுரையிலோ இந்த நியதி தலைகீழாக இருக்கிறது. நடுவை விட்டு விலக விலகக் காலம் பின்னோக்கிச் செல்கிறது. ஆகவே, இந்நகரின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவன், ஒரு நாள் முழுவதும் ஒதுக்கி, அதன் வெளிவட்டத்தைச் சுற்றிவர வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தப் பிரயாணத்துக்குச் சைக்கிளைப் போலப் பொருத்தமான வாகனம் வேறில்லை. நடந்து போனால் ஒரு நாள் போதாது. பஸ்ஸில் போனாலோ பார்க்க வேண்டியவை யாவும் பின்னால் ஓடிவிடும். 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவாக அமைந்த ‘ரோவர்’ சைக்கிளைச் செய்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்த பிறகு, இந்த வாகனம் உலகெங்கும் பரவியது. நம் நாட்டுக்கு ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களோடு கப்பலேறி வந்து, முதலில் வசதியுள்ளவர்களின் உடைமையாக இருந்து, சென்னை அம்பத்தூரில் 1949-இல் நிறுவப்பட்ட தொழிற்சாலை சைக்கிள்களைச் செய்யத் தொடங்கிய காலத்தில்தான் அது சாமானிய மக்களின் கைக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. அப்போதும் சொந்தமாக வாங்க இயலாதவர்களுக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது. பின் மட்கார்டில் வெள்ளை வர்ணத்தால் எண் எழுதிய சைக்கிள்கள் கடைவாசலில் வரிசையாக நிற்கும். கடைக்காரர் டயரைக் கட்டைவிரலால் அழுத்திக் காற்றுப் பார்த்து, பிரேக்கை ஒருமுறை பிடித்துவிட்டு, நீண்ட நோட்டுப் புத்தகத்தில் பெயரையும் எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்வார்; முகம் தெரியாத பையனாயிருந்தால், தெரிந்தவர் ஒருவர் வந்து ஜாமீன் சொல்ல வேண்டும். அவ்வாறு நாள் வாடகைக்கு எடுத்த சைக்கிளின் கேரியரில் புளியோதரைப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பரங்குன்றத்துக்கும் அழகர்கோயிலுக்கும் போய்வந்த வாலிபர்கள் அநேகர்.

அவர்கள் புதிதாக ஒன்றைச் செய்துவிடவில்லை. சங்க நூலான பரிபாடலில், கூடல் நகரத்து மக்கள் யானைமீதும் குதிரைமீதும் தேரிலும் கால்நடையாகவும் திரண்டு பரங்குன்றத்துக்குச் சென்று, அங்கே மண்டபத்துச் சித்திரங்களைக் கண்டு, இது காமன், இது ரதி என்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டு பொழுதுபோக்கிய காட்சி விரிவாக வருணிக்கப்படுகிறது. நகரைவிட்டுப் புறப்பட்டுக் குன்றுகளைச் சுற்றிவரும் உல்லாசம் மதுரையாருக்கு அன்றே பழக்கமானது. வாகனம் மாறியிருக்கிறதேயன்றி வழி மாறவில்லை.

விடியற்காலையில் ஆவணி மூல வீதியில் சைக்கிளேறி மாசி வீதிகளுக்கு வந்தால், சித்திரைத் தேர் திரும்பும் விசாலமான முனைகளும், 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் காந்தியடிகள் சட்டையைத் துறந்து அரையாடை பூண்ட மேலமாசி வீதி இல்லமும் எதிர்ப்படும். அதற்கும் அப்பால் வெளி வீதி. விசுவநாத நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களோடு எழும்பி, கொத்தளத்துக்கு ஒருவராகப் பாளையக்காரர்கள் காவல் பூண்டிருந்ததாகச் சொல்லப்படும் பெருங்கோட்டையின் எல்லை இது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், மதிலை இடித்து அகழியைத் தூர்க்கும் பணியில் நகர மக்களையே ஈடுபடுத்தி, தூர்த்த நிலத்தில் வீடு கட்டிக்கொள்ள அனுமதி அளித்தார். அந்த வேலையைக் கவனித்தவர்களின் பெயரால் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் வழங்குகின்றன. பெரியார் பஸ் நிலையத்தின் அருகே எஞ்சி நிற்கும் கொத்தளத்தைக் கண்டால்தான், அகழியும் மதிலும் இருந்த இடத்தின்மேல் நாம் சக்கரம் உருட்டுகிறோம் என்பது புலனாகும். கோட்டை போனதும் நகரம் மூச்சுவிட்டது. 1875-இல் ரயில் வந்தது, 1892-இல் ஹார்வி மில் எழுந்தது, வைகையின்மேல் ஆல்பர்ட் விக்டர் பாலம் அமைந்தது. வெள்ளைக்காரர் காலத்து இந்த வளையத்தை மட்டும் கடந்துவிட்டால், பிறகு வழியெல்லாம் பழமைதான்.

கிழக்கே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் தம் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளத்தை அழகிய குளமாக ஆக்கியது என்பர். மீனாட்சியம்மன் கோயிலில் உள்ள முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்ததும் அங்கேதான் என்பது ஊர் வழக்கு. அங்கிருந்து தென்மேற்கே திரும்பித் திருப்பரங்குன்றத்தை அடைந்தால், சைக்கிள் ஒரே மிதியில் எண்ணூறு ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறது. மலையைக் குடைந்த அந்தக் கோயிலில் 773-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்சடையனின் அதிகாரியான சாத்தன் கணபதி கோயிலையும் குளத்தையும் திருத்தியதையும், அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டை என்னும் தேவிக்கும் கோயில் எடுத்ததையும் அது கூறுகிறது. கணவனோடு மனைவியின் திருப்பணியையும் தனியே பெயர் சொல்லிப் பொறித்த அந்த மரியாதை என் மனத்தைக் கவர்கிறது.

மேற்கே கீழக்குயில்குடியில், தாமரைக் குளத்தையும் அய்யனார் கோயிலையும் அடிவாரத்தில் கொண்ட சமணர் மலை நிற்கிறது. செட்டிப்பொடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் வடித்த தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் வரிசையாக உள்ளன. அவற்றுள் ஒன்று, அச்சணந்தி என்ற முனிவரின் தாயாராகிய குணமதியார் செய்வித்த திருமேனி. மகன் துறவியான பிறகும் தாயென்ற உறவைக் கல்லில் நிலைக்கச் செய்த அந்த அம்மையாரை எண்ணாமல் அந்தப் பாறையை விட்டு இறங்க இயலாது.

வைகையைக் கடந்து வடகிழக்கே சென்றால், ஒத்தக்கடைக்கு அருகே ஆனைமலையும் அதன் அடியில் நரசிங்கமும் வருகின்றன. நெடுஞ்சடையனின் மந்திரியாகிய மாறன் காரி அந்தக் குடைவரையை 770-ஆம் ஆண்டை ஒட்டி எடுப்பித்து, பிரதிஷ்டைக்கு முன்பே காலமானதால், அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தைச் செய்து நீர்தெளித்து முடித்தான். தமையன் தொடங்கியதைத் தம்பி நிறைவேற்றிய இந்தக் கதையைக் கோயிலின் கல்வெட்டே சொல்கிறது.

இன்னும் வடக்கே, மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரத்துக் குன்றில் பிரயாணம் அதன் எல்லையைத் தொடுகிறது. சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டு ஏறினால், இயற்கையான குகைத்தளங்களில் சமண முனிவர்கள் படுப்பதற்கு வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள் உள்ளன. தலை வைக்கும் பக்கம் சற்றே உயர்ந்திருக்கிறது. மழைநீர் பாறையின் மேலிருந்து வழிந்து உள்ளே வராமல் வெளியே சொட்டும்படி, குகையின் முகப்பில் நீளமாகக் காடி வெட்டியிருக்கிறார்கள். அதன் அருகே தமிழ் பிராமி எழுத்தில், கணி நந்தி என்னும் முனிவருக்கு நெடுஞ்செழியனின் அதிகாரியான கடலன் வழுதி செய்வித்த பள்ளி என்ற செய்தியும், வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகர் குழுவின் கொடையும் பொறிக்கப்பட்டுள்ளன. இவை கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. 1882-இல் ராபர்ட் சீவல் இவற்றைக் கண்டறிந்தார், பின்னர் கே. வி. சுப்பிரமணிய ஐயரும் ஐராவதம் மகாதேவனும் படித்து விளக்கினர். நகரின் தென்கிழக்கே கீழடியில் பூமிக்கடியிலிருந்து வெளிவந்த பானை ஓடுகளிலும் இதே எழுத்துமுறை காணப்படுகிறது. சங்கப் புலவர் பாடிய பாண்டியர் பெயரைக் கல்லில் கண்ணால் காண மதுரையின் நடுவில் இடமில்லை, விளிம்பில் இருக்கிறது.

அங்கே இருப்பதனால்தான் அதற்கு ஆபத்தும் அதிகம். நகரம் பெருகும்போது முதலில் விலை பேசப்படுவது விளிம்பு நிலமே. கண்மாய்கள் கட்டடங்களாயின, மேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் கிரானைட் பலகைகளாகி ஏற்றுமதியாயின. 2010-இல் ஆனைமலையில் சிற்பக்கலை நகரம் அமைக்கும் யோசனை எழுந்தபோது, மலையடி மக்களே எதிர்த்து நின்று அதைக் காத்தார்கள். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட பின்னரும், டங்ஸ்டன் சுரங்கத்துக்கு அந்தப் பிரதேசம் ஏலம் விடப்பட்டு, கிராமத்தார் ஒன்றுதிரண்டு போராடிய பிறகே 2025 ஜனவரியில் ரத்தாயிற்று. இந்த மலைகளைக் காத்தவர்கள் அவற்றின் நிழலில் வாழ்ந்தவர்கள். நகரத்தின் நடுவில் வாழும் நம்மில் பலர் அவற்றைக் கண்டதே இல்லை.

கண்டறியாத ஒன்றைக் காக்க யாரும் முன்வருவதில்லை. ஆகையால் மதுரைப் பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றும், பத்தாவது படிக்கும் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு நாளேனும் ஆசிரியரோடு சைக்கிளில் இந்தச் சுற்றுக்கு அனுப்பிவைக்க வேண்டும். வெயிலில் மிதித்துச் சென்று, குகைக்குள் குனிந்து, தங்கள் மொழியின் மிகப் பழைய எழுத்துகளைக் கூட்டி வாசித்த பிள்ளைகள், வளர்ந்து அதிகாரிகளாகவும் வணிகர்களாகவும் ஆகும் நாளில், அந்தக் குன்றுக்கு விலை சொல்லக் கூசுவார்கள்.