ரோஜர் போஜோலே

ரோஜர் போஜோலே (25 ஏப்ரல் 1938 – 6 ஜனவரி 2012) அமெரிக்க இயந்திரவியல் பொறியாளர். சேலஞ்சர் விண்ணோடத்தை ஏவக் கூடாது என்று, அது சிதறியதற்கு முந்தைய இரவில் வாதாடியவர். விண்ணோடத்தின் திட எரிபொருள் பூஸ்டர்களைத் தயாரித்த மார்ட்டன் தயக்கால் நிறுவனத்தில், யூட்டா மாநிலத்தில் பணியாற்றினார்.

கோளாறு

பூஸ்டரின் பாகங்கள் சேரும் இணைப்புகளில் வாயு கசியாமலிருக்க இரண்டு ரப்பர் வளையங்கள் (ஓ-ரிங்) பொருத்தப்பட்டிருந்தன. பற்றவைத்ததும் இணைப்பு லேசாக விலகும். வளையம் உடனே இடைவெளியை அடைத்தாக வேண்டும். குளிரில் ரப்பர் விறைத்துவிட்டால் அடைப்பது தாமதமாகும். 1985 ஜனவரியில் கடுங்குளிருக்குப் பின் ஏவப்பட்ட டிஸ்கவரி விண்ணோடத்தின் பூஸ்டர்களைப் பிரித்துப் பார்த்தபோது, இரு வளையங்களுக்கு இடையிலிருந்த கிரீஸ் கரியேறிக் கன்னங்கரேலென்று இருந்தது. வாயு முதல் வளையத்தைத் தாண்டிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. உயிர்ச்சேதம் நேரலாம் என்று 1985 ஜூலை 31 அன்று போஜோலே மேலிடத்துக்கு எழுதினார்.

கடைசி இரவு

1986 ஜனவரி 27 இரவு நாசாவுடன் தொலைபேசிவழிக் கூட்டம் நடந்தது. வளையங்களின் வெப்பநிலை சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஏவ வேண்டாம் என்று தயக்கால் பரிந்துரைத்தது. நாசா அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. போஜோலேயும் சக பொறியாளர் ஆர்னி தாம்ப்சனும் படங்களைக் காட்டி மன்றாடியும், தயக்கால் நிர்வாகிகள் முடிவை மாற்றினர். ஏவுதளத்திலிருந்த தயக்கால் அதிகாரி ஆலன் மெக்டொனால்ட் ஒப்புதலில் கையெழுத்திட மறுத்தார், வேறொருவர் கையெழுத்திட்டார். பாதுகாப்பானது என்று நிரூபித்த பிறகே பறப்பது வழக்கம். அன்றோ, ஆபத்து என்று நிரூபிக்கும் சுமை பொறியாளர்கள் தலையில் ஏற்றப்பட்டது. ஏழு உயிர்களைப் பலிகொண்ட பிழை இதுவே.

மறுநாள் காலை காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி. ஏவிய 73ஆவது விநாடியில் சேலஞ்சர் சிதறியது, எழுவரும் மாண்டனர்.

பின்னர்

விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையத்தின் முன் போஜோலே ஆவணங்களுடன் சாட்சியம் அளித்தார். நிறுவனத்தில் ஒதுக்கிவைக்கப்பட்டு வேலையை விட்டார். பின்னர் பல்கலைக்கழகங்களில் பொறியியல் அறம் குறித்து உரையாற்றினார். அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் 1988இல் அவருக்கு அறிவியல் சுதந்திரத்துக்கும் பொறுப்புணர்வுக்குமான விருதை வழங்கியது.

மெக்டொனால்ட் தலைமையில் பூஸ்டர் இணைப்பு மாற்றியமைக்கப்பட்டது. மூன்றாவது வளையமும், குளிரைத் தாங்க வெப்பமூட்டிகளும் சேர்ந்தன. 1988 செப்டம்பர் 29 அன்று டிஸ்கவரி அந்த இணைப்புகளுடன் பறந்தது. எச்சரிக்கையைக் கேட்டிருந்தால், இந்தத் திருத்தத்துக்கு ஏழு பேர் இறந்திருக்க வேண்டியதில்லை.