விமான இன்ஜினுக்குள் காசு போட்டால் என்ன ஆகும்? பயணிகளின் நம்பிக்கையும் பாதுகாப்பு சிக்கலும்

புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். விமானத்திலும் இப்படி சில நம்பிக்கைகள் உண்டு. ஜெர்மனியின் லுஃப்தான்சா விமானங்களில் 13, 17 எண் வரிசைகளே கிடையாது. 17 இத்தாலியர்களுக்கு ராசியில்லாத எண். இதனால் யாருக்கும் பாதிப்பில்லை. ஆனால், சீனாவில் ஒரு நம்பிக்கை விமானத்தையே கிளம்ப விடாமல் நிறுத்தியிருக்கிறது.

நடந்தது என்ன?

2017 ஜூன் மாதம். ஷாங்காயில் இருந்து குவாங்சோ கிளம்பத் தயாராக இருந்தது சைனா சதர்ன் விமானம். ஏற வந்த 80 வயது மூதாட்டி, பயணம் நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கொண்டு இன்ஜினை நோக்கி 9 காசுகளை வீசினார். 8 கீழே விழ, ஒன்று மட்டும் உள்ளே போய்விட்டது. சக பயணி ஒருவர் பார்த்து தகவல் சொன்னார். சுமார் 150 பயணிகளும் இறக்கப்பட்டனர். விமானம் கிளம்ப 5 மணி நேரத்துக்கும் மேல் தாமதமானது. 70 வயதைக் கடந்தவர் என்பதால் சீன சட்டப்படி அவர் காவலில் வைக்கப்படவில்லை.

2019-ல் ஆன்சிங் விமான நிலையத்தில் 28 வயது இளைஞர் ஒருவர் இதையே செய்தார். லக்கி ஏர் விமானம் ரத்தானது. இழப்பீடாக சுமார் 1.2 லட்சம் யுவான் கட்டச் சொன்னது நீதிமன்றம். அதன் பிறகும் நிற்கவில்லை. 2024 மார்ச்சில் சான்யா - பெய்ஜிங் விமானம் இதே காரணத்தால் 4 மணி நேரம் தாமதமானது.

ஒரு காசுக்கு இவ்வளவு ஆபத்தா?

ஆமாம். இன்ஜின் அதிவேகமாகச் சுழன்று காற்றை உள்ளே இழுக்கும். அதோடு காசும் போனால் உள்ளிருக்கும் பிளேடுகள் அடிபடலாம். ஒன்று உடைந்தால், அந்தத் துண்டு அடுத்தடுத்த பிளேடுகளையும் சிதைக்கும். இன்ஜினே நின்றுபோகலாம். அதனால்தான் காசு கிடைக்கும் வரை விமானத்தைக் கிளப்ப மாட்டார்கள்.

ஸ்கேனரில் சிக்காதா?

சிக்கினாலும் பறிக்க மாட்டார்கள். பாதுகாப்பு சோதனையில் தேடுவது ஆயுதம், வெடிபொருள் போன்றவற்றைத்தான். பர்ஸில் இருக்கும் சில்லறை தடை செய்யப்பட்ட பொருள் அல்ல. ஏரோபிரிட்ஜ் வழியாக ஏறினால் இன்ஜின் பக்கமே போக முடியாது. விமானம் நிற்கும் பகுதியில் இறங்கி, படிக்கட்டில் ஏறும்போதுதான் சிக்கல். அங்கே ஊழியர்களின், சக பயணிகளின் கண்கள்தான் காவல்.

நம்ம ஊரில் எப்படி?

இங்கே கேள்வி வந்தது தேங்காயால். வழக்கமாக கேபின் பையில் தேங்காய்க்கு அனுமதி இல்லை. 2024 அக்டோபரில், சபரிமலை பக்தர்கள் இருமுடியில் தேங்காய் கொண்டுபோக 2025 ஜனவரி 20 வரை விலக்கு தரப்பட்டது. ஆனால், எக்ஸ்ரே, வெடிபொருள் சோதனை, கையால் சோதனை என மூன்றையும் தாண்டியாக வேண்டியிருந்தது.

ஆக, சாமி கும்பிடுவதையோ, கயிறு கட்டுவதையோ யாரும் தடுக்கவில்லை. வேண்டுதல் மனசுக்குள்ள இருக்கட்டும், காசு பர்ஸுக்குள்ள இருக்கட்டும். யாராவது வீசுவதைப் பார்த்தால், உடனே விமான ஊழியரிடம் சொல்லுங்கள்.