தொண்டையில் தெரிவதும் மார்பில் மறைந்திருப்பதும்

குரல்நாண் ஒன்று செயலிழந்தால் குரல் கம்மும். தண்ணீர் பருகும்போது புரையேறும். நோய் தொண்டையில்தான் என்று எவரும் கருதுவர். ஆயினும் இடப்பக்க நாண் அசையாமற் போவதன் காரணம் பல நேரங்களில் மார்புக்குள் ஒளிந்திருக்கிறது. மருத்துவத்தின் பார்வை தொண்டையிலிருந்து மார்புக்கு இறங்கிய வரலாறு நெடியது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் காலென் என்ற மருத்துவர், உயிருள்ள பன்றியின் கழுத்திலுள்ள மெல்லிய நரம்புகளைப் பலர் முன்னிலையில் கட்டிக் காட்டினார். அலறிக்கொண்டிருந்த பன்றி வாயடைத்தது. பேச்சின் இருப்பிடம் இதயமே என்று வாதிட்ட ஸ்டோயிக் தத்துவவாதிகளுக்கு அவர் அளித்த மறுமொழி அது: குரலை ஆள்வது மூளை.

அந்நரம்புகளின் போக்கு விந்தையானது. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பிலிருந்து பிரிந்து, வலப்புறத்தில் கழுத்தடித் தமனியையும் இடப்புறத்தில் இதயத்துக்கு மேலுள்ள பெருந்தமனியின் வளைவையும் சுற்றிக்கொண்டு மீண்டும் குரல்வளைக்கு ஏறுகின்றன. கருவில் இதயம் கீழிறங்கும்போது நரம்பையும் உடன் இழுத்துச் சென்றதன் விளைவு இது. இடப்பக்க நரம்பு மார்பு வரை சென்று திரும்புவதால் அதற்கு நேரும் இடர்களும் மிகுதி.

அசையாத நாணைக் கண்ணால் காணும் வழியைத் திறந்தவர் மருத்துவர் அல்லர். 1854இல் பாரிஸில் மானுவேல் கார்சியா என்ற இசையாசிரியர், பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். அடுத்த ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் அக்கட்டுரை வந்தது. ஒலியியல் பயின்றவர்களுக்கு அவர் எங்கள் குலத்தவர். மருத்துவர்கள் உரிமை கொண்டாடுவதிலும் தவறில்லை.

எனினும் கண்ணாடி காட்டியது விளைவை மட்டுமே. 1897இல் வியன்னாவின் நார்பர்ட் ஆர்ட்னர், ஈரிதழ் வால்வு சுருங்கிய நோயாளிகளிடம் இடது குரல்நாண் வாதத்தைக் கண்டு, வீங்கிய இதயத்தின் இடது மேலறையே நரம்பை நெருக்குகிறது என்றார். பிற்காலத்தார் அதைத் திருத்தினர்: நுரையீரல் தமனி அழுத்தத்தால் விரிந்து, பெருந்தமனியுடன் சேர்த்து நரம்பை நசுக்குகிறது. காலென் பேச்சிலிருந்து வெளியேற்றிய இதயம் இவ்வாறு பின்வாசல் வழியே திரும்பியது! ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெடுவது இன்றும் நீங்காத இந்தியாவில் இது பழங்கதையன்று.

ரான்ட்கன் 1895இலேயே எக்ஸ் கதிரைக் கண்டிருந்தார். அது விரிந்த இதயத்தையும் பெரிய கட்டியையும் காட்டியது. சிறு நிணநீர்க் கணுக்களை எளிதில் காட்டவில்லை. 1971இல் லண்டனில் மூளையைப் படம்பிடிக்கத் தொடங்கிய சி.டி. ஸ்கேன் உடல் முழுவதற்கும் விரிந்த பின்னரே நரம்பின் வழி முழுவதையும் தொடர இயன்றது. காரணம் விளங்காத வாதத்தில் கழுத்தை மட்டும் எடுத்தால் போதாது. மண்டையோட்டின் அடியிலிருந்து, பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடைப்பட்ட சிறு வெளி வரை படம் வேண்டும். நுரையீரல் புற்றுநோய் அவ்வெளியில் பரவி, கம்மிய குரலையே தன் முதல் அறிகுறியாகக் காட்டுவதுண்டு. தைராய்டு அறுவையில் நரம்பு காயமுறுவது வேறொரு பெருங்காரணம். எதுவும் அகப்படாதோரும் உள்ளனர். அவர்களுள் சிலருக்குக் குரல் தானாகவே மீள்கிறது.

பெட் ஸ்கேனில் ஒரு முரண் உண்டு. செயலிழந்த நாண் மங்கியிருக்க, அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும் நலமான நாண் சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சி ஒளிர்கிறது. வாதத்தைப் பற்றி அறியாது படத்தைப் படிப்பவர், உழைக்கும் அந்த நாணையே புற்றுநோய் என்று ஐயுறக்கூடும்.