மூட்டுத் தெரியும் ஊர்ப்பெயர்கள்

கண்டி மன்னன் செனரத்தின் உதவிக்கென்று புறப்பட்ட டென்மார்க் கப்பல்கள், 1620இல் ஓவே ஜெட்டே தலைமையில் இலங்கைக்கு வந்தன. உடன்பாடு கைகூடவில்லை. திருகோணமலையில் காலூன்றப் பார்த்தவர்கள், அவ்வாண்டே தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றார்கள். 1626இல், போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியவனும் அதே செனரத்தான். நாலாயிரம் பேர் என்கின்றன வரலாற்று நூல்கள்.

டேனியரின் மொழியும் தமிழைப் போலவே சொல்லோடு சொல் கூட்டிப் பெயர் வைக்கும். இரண்டு சொல் ஒன்றானதைக் குரலின் அழுத்தம் காட்டிக்கொடுக்கும்: பெரும்பாலும் முதற்சொல்லில் ஓங்கி, அடுத்ததில் தணியும். தலைநகரின் பெயரோ விலக்கு. வணிகர் துறை என்று பொருள்படும் கோப்பன்ஹேகனை அந்நாட்டார் தம் மொழியில் சொல்லும்போது, அழுத்தம் கடைசியிலுள்ள துறையின்மேல் விழுகிறது.

தமிழில் அந்த வேலையைப் புணர்ச்சி செய்கிறது.

அந்த மட்டக்களப்புப் பகுதியின் தெற்கே, கோமாரியிலிருந்து வடக்கே ஏ4 வீதியில் போனால் வழிநெடுக இதைக் கேட்கலாம். அக்கரைப்பற்றில் ஒரு ‘ப்’, அட்டாளைச்சேனையில் ஒரு ‘ச்’ மூட்டில் வந்து நிற்கின்றன. நிந்தவூரில் ‘வ்’ இடையில் புகுந்து இணைக்கிறது. சாய்ந்தமருதில் எதுவும் மிகவில்லை. மருதின் ‘ம’ மெல்லினம், மிகுவது வல்லினம்தான். சம்பான்கள் ஒதுங்கிய துறை சம்மாந்துறையானது என்பது ஊர் வழக்கு. அங்கே மூட்டோடு முதற்சொல்லும் கரைந்துவிட்டது.

இலக்கணத்துக்கு இணங்காத ஊர்களும் உண்டு. நன்னூல் விதிப்படி கல்லும் முனையும் சேர்ந்தால் கன்முனை. ஊரார் கல்லைக் கல்லாகவே வைத்துக் கல்முனை என்றார்கள். காரைதீவிலும் வரவேண்டிய ‘த்’ வரவில்லை. இவற்றைப் பிழை என்று திருத்தக் கிளம்புவது தவறு. தலைமுறைகள் புழங்கிய உச்சரிப்புத்தான் ஊரின் பெயர்.

‘பற்று’ தனிக் கதை. மட்டக்களப்புத் தேசத்தின் பழைய ஆட்சிப் பிரிவு அது. கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று என்று வயலும் வரியும் இந்தப் பெயர்களில்தான் கணக்கிடப்பட்டன. அக்கரைப்பற்றில் மட்டும் ஆட்சிப் பிரிவின் பெயரே ஊர்ப்பெயராகவும் நிலைத்துவிட்டது. ரோம எழுத்தில் அதற்கு ஒரே ஒரு ‘ப’தான் போடுகிறார்கள், அதைப் பார்த்துத் தமிழிலும் ‘அக்கரைபற்று’ என்று எழுதுகிறவர்கள் பெருகிவருகிறார்கள். பலகை எழுதுகிறவர் அந்த ஒற்றை விட்டுவிடக் கூடாது.