மானியத்தில் வளர்ந்த பேட்டரி நிறுவனம்

2001-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர் யெட்-மிங் சியாங் உள்ளிட்ட சிலர் ஏ123 சிஸ்டம்ஸ் என்ற பேட்டரி நிறுவனத்தைத் தொடங்கினர். எளிதில் தீப்பிடிக்காத லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிதான் அவர்களது சரக்கு. ஆரம்பத்தில் அமெரிக்க எரிசக்தித் துறை கொடுத்த ஆராய்ச்சி மானியம் வெறும் 1 லட்சம் டாலர்.

2009-ல் அதே துறை, மிச்சிகனில் தொழிற்சாலை அமைக்க 24.9 கோடி டாலர் ஒதுக்கியது. தொழிற்சாலையும் வந்தது. ஆனால் மின்சாரக் கார்கள் எதிர்பார்த்த அளவு விற்பனையாகவில்லை. போதாக்குறைக்கு, 2012 மார்ச்சில் பழுதான பேட்டரிகளை மாற்றித் தரவேண்டி வந்தது. அதற்குச் செலவு சுமார் 5.5 கோடி டாலர். அக்டோபரில் நிறுவனம் திவாலானது. அதற்குள் மானியத்தில் பாதிக்கு மேல் செலவாகியிருந்தது.

ஏலத்தில் வென்ற சீனாவின் வான்சியாங் குழுமம் 2013 ஜனவரியில் நிறுவனத்தின் பெரும்பகுதியை வாங்கியது. மானியத்தால் ஆராய்ச்சி நடந்தது, தொழிற்சாலையும் எழுந்தது. பேட்டரியை வாங்கப் போதிய ஆள் இல்லாததால் பலன் வேறு நாட்டுக்குப் போய்விட்டது.